திருத்தப்போவது யார்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதித் தோல் நிறுவனங்களின் இணையதளங்களை வரிசையாகத் திறந்து பார்த்தால் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முகப்பில் காலாவதியான சான்றிதழ் இருக்கும். முடிந்துபோன கண்காட்சிக்கு, 'எங்கள் அரங்குக்கு வாருங்கள்' என்ற அழைப்பு அப்படியே நிற்கும். தொடர்புப் பக்கத்தில் உள்ள கைபேசி எண் வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒருவருடையதாக இருக்கும். இந்தத் தளங்களை யாரும் ஏனோதானோ என்று செய்யவில்லை. படங்கள் நன்றாக இருக்கின்றன, வடிவமைப்பிலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் செய்து கொடுத்தவர் போன பிறகு அதைத் தொட்டவர் இல்லை.

இந்த நிறுவனங்களுக்கும், ஏலகிரி விடுதிகளுக்கும், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் ஆலங்காயத்திலிருந்து தளம் செய்து தருபவர்களில் நானும் ஒருவன். கருவியைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலேயே இந்தக் குறையின் வேர் இருக்கிறது என்பது என் முடிவு. எதில் சீக்கிரம் முடியும், எதில் செலவு குறையும், எது பார்க்க எடுப்பாக இருக்கும் என்பவையே எங்கள் தொழிலில் வழக்கமாக எழும் கேள்விகள். ஒப்படைத்த பிறகு திருத்தப்போவது யார் என்ற பேச்சு, மீதிப் பணம் வாங்கும் நாளில்தான் வருகிறது. தளம் செய்யச் சில வாரம் போதும். அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியது பல வருடம். அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் கருவிகளின் தரவரிசையே வேறாகிவிடும்.

இது புதிய சிக்கல் இல்லை. 1996-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஃப்ரண்ட்பேஜ், 1997-ல் மேக்ரோமீடியா வெளியிட்ட ட்ரீம்வீவர் ஆகியவை வந்தபோது, நிரல் தெரியாதவரும் பக்கம் செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. செய்ய முடிந்தது, ஆனால் செய்தவர் கணினியில்தான் திருத்தவும் முடிந்தது. வாடிக்கையாளர் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். இதற்கு விடையாக மேக்ரோமீடியா 2002-ல் கான்ட்ரிப்யூட் என்றொரு மென்பொருளைக் கொண்டுவந்தது. ட்ரீம்வீவரில் வார்ப்புருவைச் செய்பவர், 'இந்தப் பகுதியைத் திருத்தலாம், மற்றதெல்லாம் பூட்டு' என்று குறித்துவிடுவார். அலுவலகத்தில் இருப்பவர் கான்ட்ரிப்யூட்டில் திறந்தால், திறந்துவிட்ட பகுதியில் மட்டும் கை வைக்கலாம். அடோபி கைக்குப் போன பிறகு அந்த மென்பொருள் நின்றுபோனது. ஆனால், திருத்துபவருக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டிவைப்பது என்ற அந்த யோசனையைவிட நல்ல யோசனை இந்தத் துறையில் இன்றுவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் வந்த காலம் எதிர்த்திசையில் ஓடியது. 2003-ல் வேர்ட்பிரஸ் வந்தது. அதே காலத்தில் ஸ்குவேர்ஸ்பேஸ், 2006-ல் விக்ஸ், 2016-ல் வேர்ட்பிரஸுக்குள் இயங்கும் எலிமென்டர். எதையும் எங்கும் இழுத்துப் போடலாம் என்பதே விளம்பரமாக இருந்தது. அந்தச் சுதந்திரம் தளம் செய்பவருக்கு வரம். திருத்துபவருக்கு அது என்னவாகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

ஆலங்காயம் அருகே ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட் ஒன்றில், கணக்கு பார்க்கும் பெண்ணிடம் தளத்தைத் திருத்தும் பொறுப்பு வந்து சேர்ந்தது. இ-வே பில் போடுவது, வங்கிக்கு மெயில் அனுப்புவது எல்லாம் அவர்தான். டேலியில் மவுஸைத் தொடாமலே கை ஓடும். இழுத்துப் போடும் வகைக் கருவி ஒன்றைத் திறந்துவைத்து, தொடர்பு எண்ணை மட்டும் மாற்றச் சொன்னேன். எண்ணின் மேல் க்ளிக் செய்தார். சுற்றி ஒரு நீலக் கட்டம் வந்தது. மறுபடி க்ளிக் செய்யும்போது மவுஸ் லேசாக நகர, கட்டம் மொத்தமும் தள்ளிப் போய்ப் பக்கத்துப் படத்தின் மேல் ஏறிக்கொண்டது. "அண்ணா, இது ஏன் நவுந்துட்டே போவுது?" என்றார். பொறுமையாகத் திரும்ப இழுத்து வைத்தார். கணினியில் சரியாகத் தெரிந்தது. கைபேசியில் திறந்து பார்த்தால் எண்ணில் கடைசி மூன்று இலக்கம் திரைக்கு வெளியே போயிருந்தது. "இதுக்கு நான் உங்களுக்கு வாட்ஸப்லயே அனுப்பிடறேண்ணா" என்று எழுந்துவிட்டார்.

பிறகு அதே விவரங்களை வேர்ட்பிரஸில் ஒரு படிவமாக அமைத்துக் கொடுத்தேன். தொலைபேசி எண் ஒரு பெட்டி, முகவரி ஒரு பெட்டி, அப்பரின் ஆர்ட்டிக்கிள் எண், படம், தோல் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, கீழே 'அப்டேட்' பொத்தான். பெட்டி எங்கே தெரியும், எந்த நிறத்தில் தெரியும் என்பதையெல்லாம் நிரல் பார்த்துக்கொள்ளும். அவர் திரையைப் பார்த்து, "வவுச்சர் போடற மாதிரிதானே இருக்கு" என்றார். கேட்காமலே நான்கைந்து ஆர்ட்டிக்கிளை ஏற்றியும் விட்டார்.

பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஐந்து பேரை உட்காரவைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று வாதிட்டார். எங்கள் வேலைக்கு ஐந்து பேர்கூட வேண்டியதில்லை. திருத்தப்போகிறவர் ஒரே ஒருவர்தான். அவரை உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். இந்த வட்டாரத்தில் அவர் பெரும்பாலும் மெர்ச்சண்டைசர், ஷிப்பிங் டாக்குமென்ட் பார்ப்பவர், கணக்கர், பள்ளி என்றால் அலுவலக உதவியாளர். படிவம் நிரப்புவதில் தேர்ந்தவர்கள். வடிவமைப்பாளரின் கருவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, 'ரொம்ப ஈஸிங்க' என்று சொல்வது நியாயமில்லை.

இந்த நோக்கில் இன்று கிடைக்கும் கருவிகளைப் பார்க்கலாம்.

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், நம் சென்னை நிறுவனமான ஸோஹோவின் ஸோஹோ சைட்ஸ் போன்றவை ஒரு வகை. இடம், மென்பொருள், பாதுகாப்பு எல்லாம் சந்தாவுக்குள் அடக்கம். புதுப்பிக்கும் வேலை நம் தலையில் விழாது. இவற்றுள் கட்டுப்பாடு அதிகமாக உள்ளதையே வாடிக்கையாளருக்குப் பரிந்துரைப்பேன். ஸ்குவேர்ஸ்பேஸில் கட்டங்கள் ஓரளவு வரிசைக்குள் நிற்பதால் கை தவறினாலும் சேதம் குறைவு. விக்ஸில் செய்த தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். வெளியே போக நினைத்தால் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

சந்தா கட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தன. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் பிடிக்கக்கூடிய தொகை முதலில் 5,000 ரூபாய். 2022 ஜூனில் அது 15,000 ஆனது. டாலரில் ஆண்டுச் சந்தா கேட்கும் வெளிநாட்டுக் கருவிக்கு இந்திய அட்டையிலிருந்து புதுப்பிப்புப் பணம் போகாமல் நின்றுவிடுவது இப்போதும் நடக்கிறது. நினைவூட்டும் மெயில் முதலாளியின் பழைய முகவரிக்குப் போகும். யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் தளம் இருக்காது. ரூபாயில் பில் தரும் நிறுவனம், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் தரும் நிறுவனம் என்பது கணக்கருக்குப் பெரிய நிம்மதி. கருவிகளை ஒப்பிடும் பட்டியல்களில் இந்த வரியை நான் பார்த்ததே இல்லை.

இலவசமாகக் கிடைப்பவற்றைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொன்னால் போதும். கூகுள் 2017-ல் சிறு வணிகர்களுக்கு, வரைபடத்தில் உள்ள கடை விவரத்திலிருந்தே ஒரு பக்கத் தளம் உருவாக்கித் தரும் வசதியைத் தொடங்கியது. கைபேசியிலேயே திருத்தலாம், திருத்துவதற்கு அதைவிட எளிதான ஒன்றைக் காண்பது அரிது. செருப்புக் கடை, பிரியாணிக் கடை, தையல் கடை என்று எல்லோருக்கும் பொருந்தியது. 2024 மார்ச்சில் கூகுள் அந்த வசதியை மூடியது. ஜூன் வரை பழைய முகவரியைத் தட்டினால் கடை விவரத்துக்குத் திருப்பிவிட்டது; பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் பெயர்ப் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களிடம் மிஞ்சியது செத்துப்போன ஒரு சரம். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது. கருவி எதுவானாலும் முகவரி வாடிக்கையாளருடைய சொந்த டொமைனாக இருந்திருந்தால், அவர்கள் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும் அந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்லும் எந்த ஆலோசனையையும் நான் ஏற்பதில்லை.

அடுத்தது வேர்ட்பிரஸ். உலகத் தளங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. ஆலங்காயத்தில் ஒருவர் செய்ததை ஆம்பூரில் இன்னொருவர் எடுத்து நடத்தலாம் என்பதே வாடிக்கையாளருக்கு இதனால் வரும் முதல் பாதுகாப்பு. 2018 டிசம்பர் 6-ல் வந்த 5.0 பதிப்பில் எழுதும் திரையே மாறியது. அதுவரை வேர்ட் கோப்புபோல் இருந்த ஒற்றைப் பெட்டி, கட்டம் கட்டமாகப் பிரிந்தது. பழகியவர்கள் திண்டாடினார்கள், பழைய திரையைத் திரும்பக் கொண்டுவரும் செருகு நிரலை லட்சக்கணக்கான தளங்களில் நிறுவினார்கள். ஆனால் 2022-ல் வந்த 6.0 பதிப்பில் கட்டங்களைப் பூட்டிவைக்கும் வசதி திரையிலேயே கிடைத்தது. அடுத்த பதிப்பில், அமைப்பு அசையாமல் எழுத்தையும் படத்தையும் மட்டும் மாற்றவிடும் பூட்டும் சேர்ந்தது. கான்ட்ரிப்யூட் செய்ததை இருபது ஆண்டு கழித்து வேர்ட்பிரஸ் தன் வழியில் வந்தடைந்தது என்றே எனக்குத் தோன்றியது.

வேர்ட்பிரஸில் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் எளிய விஷயம், யாருக்கு எந்த அனுமதி என்பது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கைத் தூக்கி அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே போனால் இடப்பக்கம் முழுக்கப் பொத்தான்கள், மேலே சிவப்பு எண்ணில் புதுப்பிப்பு அறிவிப்புகள். பயந்துபோய் மூடிவிடுவார்கள், அல்லது எல்லாவற்றையும் அழுத்திவிடுவார்கள். 'எடிட்டர்' அனுமதி கொடுத்து, வேண்டாத பட்டியல்களை மறைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வேர்ட்பிரஸ் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து என்ற பேச்சை மட்டும் அளந்து நம்ப வேண்டும். 2024 அக்டோபரில், படிவப் பெட்டிகளை உருவாக்கப் பெரிதும் பயன்பட்ட 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' செருகு நிரலின் இடத்தை வேர்ட்பிரஸ் தரப்பு தன்வசம் எடுத்து, பெயரை மாற்றி வெளியிட்டது. அந்தச் செருகு நிரலை வைத்திருந்த டபிள்யூ.பி. எஞ்சின் நிறுவனத்தோடு நடந்த சண்டையின் ஒரு பகுதி அது. தளங்கள் அறுந்துபோகவில்லை. ஆனாலும் எந்தச் செருகு நிரல் யார் கையில் இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பது செய்து கொடுப்பவரின் வேலை; வாடிக்கையாளருடையது ஆகாது. செருகு நிரல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை: வாடிக்கையாளருக்குத் திருத்தும் வசதியே கொடுக்காமல் இருப்பது. ஆண்டுக்கு இரண்டு முறை மாறும் நான்கு பக்கத் தளத்துக்கு உள்நுழைவு, கடவுச்சொல், பயிற்சி எல்லாம் வீண். எளிய நிலையான பக்கங்களாகச் செய்து வைத்துவிட்டு, மாற்றம் வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, ஆண்டுப் பராமரிப்புத் தொகைக்குள் நாமே மாற்றிக் கொடுக்கலாம். உடைக்க எதுவும் இல்லை, ஊடுருவவும் அதிகம் இல்லை. சிறு டேனரிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் பல நேரம் இதுவே சரி. 'நீங்களே மாத்திக்கலாம்' என்று சொல்லி விற்பது எளிது என்பதால் இந்த வழி ஒதுக்கப்படுகிறது.

தோல் தொழிலுக்கு மட்டும் இந்த விஷயத்தில் கூடுதல் பொறுப்பு உண்டு. 2005-ல் தொடங்கப்பட்ட லெதர் ஒர்க்கிங் குரூப் தரும் தரச்சான்றுக்குக் காலவரம்பு இருக்கிறது. தோல் பொருளில் குரோமியம் (VI) ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் அமலில் இருக்கிறது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் வந்த பிறகு, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருபவர்களின் சுற்றுச்சூழல், தொழிலாளர் நிலைமைகளைத் துருவ வேண்டியதாயிற்று. தோல் கழிவால் பாலாறு மாசுபட்ட கதை உலகறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஆற்றின் நிலையைச் சீராக்குதல் பற்றி உத்தரவுகள் பிறப்பித்தது. இப்படிப்பட்ட ஊரில், இணையதளத்தின் 'சுற்றுச்சூழல்' பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குமூலம். கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றி எப்போதோ எழுதிய வரி இன்றைக்குப் பொருந்தாவிட்டால், அதை அன்றே எடுக்க அலுவலகத்தில் ஒருவருக்குக் கை வர வேண்டும். சான்றிதழுக்குப் படிவத்தில் 'முடிவு தேதி' என்று ஒரு பெட்டி வைத்து, அந்தத் தேதி தாண்டினால் படம் தானாகவே தளத்திலிருந்து மறையும்படி செய்வது சின்ன நிரல் வேலைதான். நான் செய்யும் ஏற்றுமதித் தளங்களில் இதைக் கட்டாயமாக வைக்கிறேன்.

படங்களும் எழுத்துருவும் திருத்துபவரைத் தினமும் சோதிப்பவை. கைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல எம்.பி. இருக்கும். வேர்ட்பிரஸ் 2019-ல் வந்த 5.3 பதிப்பு முதல், 2,560 புள்ளிக்கு மேல் அகலமான படத்தைத் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. அதற்கு முந்தைய தளங்களில் ஒரு பக்கமே இருபது எம்.பி. ஆவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் வேறு தொல்லை. பள்ளி அலுவலகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. ஆனால் பாமினியில் அடித்ததை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த வரிகள் வந்து விழும். திருத்துபவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார். ஒட்டும் இடத்திலேயே மாற்றிக் கொடுக்கும் ஒரு பொத்தானை வைத்தால் அந்த அவமானம் மிச்சம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதுவும் வேண்டும். வலமிருந்து இடம் ஓடும் எழுத்தை ஒரே பக்கத்தில் தமிழோடு சேர்த்து வைத்துச் சோதிக்காமல் எந்தக் கருவியையும் அங்கே பரிந்துரைக்கக் கூடாது.

தளத்தைவிட மெயில் முக்கியம் என்பதை ஏற்றுமதிக்காரரிடம் சொல்லத் தேவையில்லை. செய்து கொடுப்பவர்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுக் கருவிக்கு மாறும்போது, 'எங்கள் நேம்சர்வருக்கு மாற்றுங்கள்' என்று அது கேட்கும். கேட்டபடி மாற்றினால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவுகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். தளம் புதிதாக மின்னும். பையர் அனுப்பிய ஆர்டர் வந்து சேராது. பதிவுகளை முதலில் எழுதி எடுத்துக்கொண்டு, தளத்துக்கான முகவரியை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு.

பொருள் விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. சிறிய பை, பெல்ட் தயாரிப்பாளருக்கும், ஜவ்வாது மலைத் தேனும் சாமையும் விற்கும் குழுவுக்கும் ஷாப்பிஃபை, ஸோஹோ காமர்ஸ், வேர்ட்பிரஸோடு சேரும் ஊகாமர்ஸ் மூன்றும் வேலை செய்யும். தினமும் திறக்கும் திரை சரக்கு இருப்பும் ஆர்டரும்தான். கைபேசிச் செயலி நன்றாக உள்ளதையே எடுக்கலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு பத்தி விவரத்திலிருந்து முழுத் தளத்தையும் நிமிடங்களில் செய்துவிடுகின்றன. செய்யும் செலவு குறைவதை வரவேற்கிறேன். ஆனால் டேனரி என்று சொன்னவுடன், 'சுற்றுச்சூழலைக் காக்கும் நவீனத் தொழில்நுட்பம்' என்று கேட்காமலே எழுதிவைக்கின்றன. அந்த நிறுவனம் அப்படிச் சொல்லத் தகுதியுடையதா என்று கருவிக்குத் தெரியாது. வரிவரியாகப் படித்து, ஆவணம் இல்லாத வரியை எடுத்த பிறகே தளத்தை வெளியே விட வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் ஒரு தாளை அச்சடித்துக் கொடுக்கிறேன். டொமைன் எந்தப் பதிவாளரிடம், யார் பெயரில், எந்தத் தேதிவரை; தளம் எங்கே இருக்கிறது; காப்புப் பிரதி எங்கே; சந்தா எந்த அட்டையில்; திருத்தும் அனுமதி யாருக்கு. டொமைன் எப்போதும் நிறுவனத்தின் பெயரில், ஊழியரின் தனிப்பட்ட ஜிமெயிலில் இல்லாமல் நிறுவனப் பொது முகவரியில். செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிட்டு, பிறகு தொடர்பு அறுந்துபோனதால் முகவரியையே இழந்த ஒரு நிறுவனத்தின் வேலை எனக்கு வந்தது. புதுப் பெயரில்தான் தொடங்க முடிந்தது. ஆண்டுப் பராமரிப்பில் நேரில் போய்ச் செய்யும் வேலை ஒன்று உண்டு. திருத்தும் அனுமதி உள்ளவர் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறாரா என்று கேட்டு, மாறியிருந்தால் பழைய கணக்கை நீக்கி, புதியவரை உட்காரவைத்துத் தொடர்பு எண்ணை ஒருமுறை மாற்றச் சொல்லிப் பார்ப்பது.